தனி வேலி, கூட்ட வேலி, வெளி வேலி: பாலியல் மீட்சிக் குழுக்களில் எல்லைத் தகராறு ஏன் வருகிறது?

மதுவை விட நினைப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடிக் கதைக்கும் குழு என்றால் யாழ்ப்பாணத்தில் ஓரளவுக்கு விளங்கும். பாலியல் பழக்கத்தின் பிடியில் இருந்து மீள்வதற்கும் அதே வழியில் குழுக்கள் உண்டு என்றால் இரண்டு சந்தேகம் வருகிறது. "உதுக்குள்ள என்ன ஊத்தைக் கதை கதைப்பினமோ?" என்பது ஒன்று. "உது ஒழுக்கம் படிப்பிக்கிற இடமோ?" என்பது மற்றது. இரண்டும் பிழை. ஆனால் உள்ளே போனவர்களுக்கு மூன்றாவதாக ஒரு குழப்பம் வருகிறது: மீள்வதற்கென்று வந்தவர்கள் ஏன் தமக்குள் இவ்வளவு வாதப்படுகிறார்கள்? எதைச் சொல்லலாம், யார் வரலாம், விலகி இருந்த நாட்களை எப்படி எண்ணுவது, ஒருவர் செய்தது சறுக்கலா (பழைய பழக்கத்தில் திரும்ப விழுந்ததா) இல்லையா என்று வாதம் நீள்கிறது. இந்த வாதங்களின் உள்ளமைப்பை அடியில் இருந்து பார்ப்போம்.

1. அடிமைநிலை என்ற சொல்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதில் "கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு" என்று ஒன்று இடம்பெற்றுள்ளது. அதை மது, போதைப்பொருள் அடிமைநிலைகளின் வரிசையில் வைக்கவில்லை. உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். பாலியல் உந்துதலை அடக்க முடியாத நிலை 6 மாதம் அல்லது அதற்கு மேல் நீடிக்க வேண்டும். உடல்நலம், வீடு, வேலை கவனிப்பாரற்றுப் போவது, பலமுறை விட முயன்றும் முடியாமல் போவது, இன்பமே கிடைக்காதபோதும் தொடர்வது போன்ற அடையாளங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க துன்பமோ பாதிப்போ ஏற்பட்டிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டிலோ இதை ஒத்த கோளாறு எதுவும் சேர்க்கப்படவில்லை.

அந்த வகைப்பாட்டில் எங்கள் ஊருக்கு மிகத் தேவையான குறிப்பு ஒன்று உண்டு. ஒழுக்கம் பற்றிய குற்ற உணர்வால் மட்டும் வரும் துன்பம் இந்தக் கோளாறு ஆகாது. "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து வளர்ந்த 19 வயதுப் பையன், அந்தப் பயத்தினாலேயே நோயாளி ஆகிவிடுவதில்லை. அவனுக்குத் தேவை சரியான தகவல். நம்பிக்கையான ஒரு மருத்துவர்.

ஆகவே "நான் அடிமை" என்பது உறுப்பினர் தன் நிலைக்குத் தானே வைக்கும் பெயர். குழு யாருக்கும் நோய் நிர்ணயம் செய்வதில்லை. "இது உண்மையில் அடிமைநிலைதானா?" என்ற விவாதமும் கூட்டத்துக்கு உரியதல்ல. இந்தக் குழுக்கள் பின்பற்றும் பன்னிரண்டு மரபுகளில் (அவை பற்றி அடுத்த பகுதியில்) 10ஆவது, வெளி விடயங்களில் அமைப்புக்குக் கருத்து இல்லை என்பது.

2. ஒரே படிகள், வேறு வேறு வரையறைகள்

மதுவை விட நினைப்பவர்களின் அமைப்பான அல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் தொடங்கியது. அதன் பன்னிரண்டு படிகள் 1939இல் அச்சில் வந்தன. படிகள் தனி மனிதர் மீள்வதற்கானவை. குழுக்கள் தமக்குள் சண்டை பிடித்து உடையத் தொடங்கியபோதுதான் பன்னிரண்டு மரபுகள் எழுந்தன; 1946இல் முதலில் எழுதப்பட்டு 1950இல் கிளீவ்லண்ட் மாநாட்டில் ஏற்கப்பட்டன. குழு விவாதம் பற்றிப் பேசும்போது படிகளை விட மரபுகளே கைகொடுக்கும். புதியவர்கள் பலர் படிகளை மனப்பாடமாகச் சொல்வார்கள், மரபுகளைப் புரட்டியும் பார்த்திருக்க மாட்டார்கள். வாதம் முற்றுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பாலியல் பழக்கத்துக்கு அதே வழியைக் கைக்கொண்டு வந்த அமைப்புகளில் மூன்றைத் தெரிந்துகொள்வது அவசியம்.

அ) செக்ஸ் அண்ட் லவ் அடிக்ட்ஸ் அனானிமஸ், 1976, பொஸ்டன். ஒவ்வொருவரும் தாம் தாண்டக்கூடாத "அடிக்கோட்டை"த் தாமே வரைகிறார்கள்.
ஆ) செக்ஸ் அடிக்ட்ஸ் அனானிமஸ், 1977, மினியாபொலிஸ். ஒவ்வொருவரும் தம் எல்லையைத் தாமே வரையும் மூன்று வட்ட முறை (விளக்கம் 4ஆம் பகுதியில்).
இ) செக்ஸஹோலிக்ஸ் அனானிமஸ், 1979, அமெரிக்கா. வரையறை எல்லோருக்கும் ஒன்றுதான்: பாலியல் செயல் தன்னோடும் இல்லை, வாழ்க்கைத்துணை அல்லாத எவரோடும் இல்லை. "வாழ்க்கைத்துணை" என்பது ஆணும் பெண்ணும் செய்த திருமணத்தின் துணையையே குறிக்கும் என்று 1999இல் விளக்கம் சேர்க்கப்பட்டது.

பெயர்கள் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். இணையத்தில் தேடி முதலில் கிடைத்த கூட்டத்தில் சேருபவர், மற்ற அமைப்பின் நூலை வாசித்துவிட்டு வந்து "எனக்கு இது சறுக்கல் இல்லை" என்பார். எதிரில் இருப்பவர் "இங்க அது சறுக்கல்தான்" என்பார். இருவரும் தத்தம் அமைப்பின்படி சரி. இப்படியான வாதத்துக்குத் தீர்வு வாக்கெடுப்பு அல்ல. முதல் கூட்டத்திலேயே "இது எந்த அமைப்பின் குழு, இதன் வரையறை இது" என்று வாசித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தொடங்காமலே முடியும்.

3. எந்த வேலியைப் பற்றிக் கதைக்கிறோம்?

கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்கு வருடக்கணக்கில் வழக்காடியவர்கள் நாங்கள். வேலிச் சண்டையில் முதலில் கேட்க வேண்டியது, இது தனிக் காணியின் வேலியா, பங்குக் கிணற்றுக்குப் போகிற பொதுப் பாதையின் வேலியா, தெருவோர வேலியா என்பது. ஒவ்வொன்றையும் அரக்குவதற்கு வேறு ஆளுக்கே உரிமை. மீட்சிக் குழுவிலும் அப்படித்தான்.

தனி வேலி: ஒருவரின் விலக்கு எல்லை. அவரும் அவருடைய ஸ்பொன்சரும் (அவருக்குத் துணையாக வழிகாட்டும் பழைய உறுப்பினர்), அமைப்பின் வரையறையும் தீர்மானிக்கும் விடயம். குழு இதில் வாக்கெடுக்க முடியாது.
கூட்ட வேலி: அறைக்குள் பேசும் முறை, நேரம், யார் நடத்துவது. குழுவின் மனச்சாட்சி, அதாவது உறுப்பினர்கள் சேர்ந்து எடுக்கும் முடிவு, தீர்மானிக்கும்.
வெளி வேலி: அநாமதேயம் (யார் என்று வெளியே தெரியாமல் வைப்பது), சட்டம், மருத்துவம், பிற அமைப்புகள். மரபுகளும் நாட்டுச் சட்டமும் ஏற்கெனவே தீர்மானித்தவை.

கசப்பாக முடியும் வாதங்களைப் பிரித்துப் பார்த்தால், தனி வேலியைக் கூட்டத்தில் வாக்குக்கு விட்டதோ, கூட்ட வேலியை "அவரவர் விருப்பம்" என்று விட்டதோதான் பெரும்பாலும் அடியில் இருக்கும்.

4. தனி வேலி: மூன்று வட்டம் போடுவது எப்படி, எங்கே பிழைக்கிறது

ஒரு தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம். உள்வட்டத்தில் முற்றாக நிறுத்த வேண்டிய நடத்தைகள். நடுவட்டத்தில் வழுக்கும் இடங்கள்: அவை தம்மளவில் சறுக்கல் அல்ல, ஆனால் அங்கே இருந்துதான் கால் போகும். வெளிவட்டத்தில் மனிதரைத் தாங்கும் செயல்கள்: நித்திரை, நடை, பிள்ளைகளுடன் இருப்பது, கூட்டம், கோயிலோ தேவாலயமோ.

பிழைக்கும் இடங்கள்:

முதலாவது, உள்வட்டத்தில் எல்லாவற்றையும் போட்டு அடைப்பது. ஆர்வத்தில் 15 விடயம் எழுதுபவர் மூன்றாம் நாளே ஒன்றைத் தாண்டிவிடுவார். "இனி என்ன" என்று மிச்சத்தையும் விடுவார். மூன்று தொடக்கம் ஐந்து வரை, ஒவ்வொன்றும் "செய்தேன், செய்யவில்லை" என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "கெட்ட எண்ணம்" என்று உள்வட்டத்தில் எழுதக்கூடாது. எண்ணத்துக்கு நாள் எண்ண முடியாது. "இரவு 10 மணிக்குப் பிறகு அறையில் தனியே கைபேசி" என்பது நடுவட்டத்துக்கு நல்ல வரி.

இரண்டாவது, உந்துதல் வந்த நேரத்தில் கோட்டை மாற்றுவது. மாற்றம் வேண்டுமானால் ஸ்பொன்சரோடு கதைத்து, குறைந்தது ஒருநாள் கழித்து, பகலில் மாற்றலாம்.

மூன்றாவது, தாளை வீட்டில் வைக்கும் விதம். கூட்டுக்குடும்ப வீட்டில் அலுமாரிக்குத் தனித் திறப்பு இருப்பது அரிது. பெயர் எழுதாமல், தனக்கு மட்டும் விளங்கும் சுருக்கச் சொற்களில் எழுதுவது போதும்.

நாள் எண்ணுவதிலும் வாதம் வரும். நடுவட்டத்தில் கால் வைத்தவர் எண்ணிக்கையைத் திரும்ப 1இல் தொடங்க வேண்டுமா? வட்ட முறையில் தேவையில்லை. உள்வட்டம் தாண்டினால் மட்டுமே தொடங்க வேண்டும். ஆனால் நடுவட்டத்தை ஸ்பொன்சரிடம் அன்றே சொல்ல வேண்டும். இன்னொருவரின் எண்ணிக்கையைக் கூட்டத்தில் கேள்வி கேட்பதற்கு யாருக்கும் உரிமையில்லை. அப்படிக் கேட்கத் தொடங்கிய குழுவில் அடுத்த மாதம் எல்லோரும் பொய் எண்ணிக்கை சொல்வார்கள்.

ஒருபால் ஈர்ப்புள்ளவருக்கு இந்தத் தனி வேலி மிகக் கூர்மையான கேள்வி. மேலே சொன்ன மூன்றாவது அமைப்பின் வரையறைக்குள் அவருடைய உறவுக்கு இடமில்லை. மற்ற இரண்டில் அவரே எல்லை வரையலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் நாட்டில், அவர் வாய் திறப்பதற்கே பெரும் துணிவு வேண்டும். அவரிடம் "உன்னை மாற்றத்தான் வந்தாயா?" என்று கேட்பது குழுவின் வேலை அல்ல. கட்டுப்பாடற்ற நடத்தையில் இருந்து மீளவே ஆட்கள் வருகிறார்கள். ஈர்ப்பை மாற்றுவது படிகளில் எங்கும் இல்லை. இதை மறைக்காமல், எந்த அமைப்பில் எந்த வரையறை என்று வாசலிலேயே அவருக்குச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

5. கூட்ட வேலி: பேச்சு

வழமையான கூட்டம் 60 நிமிடம். வரவேற்பும் வாசிப்பும் 10 நிமிடம், பகிர்வு 40, அறிவித்தலும் முடிவும் 10. ஒருவருக்கு 3 தொடக்கம் 5 நிமிடம். நேரம் பார்க்க ஒரு ஆள்.

பகிர்வின் அடிப்படை விதி, குறுக்குப் பேச்சு இல்லை என்பது. ஒருவர் சொல்லும்போது இடைமறிப்பது, முடித்ததும் ஆலோசனை சொல்வது, அவர் சொன்னதைத் தன் முறையில் எடுத்து விமர்சிப்பது, எல்லாம் குறுக்குப் பேச்சுத்தான். யாழ்ப்பாணத்தில் இது கடினம். இங்கே ஒருவர் கஷ்டம் சொன்னால் புத்தி சொல்வதுதான் அக்கறை. பேசாமல் இருந்தால் "கல்நெஞ்சன்" என்பார்கள். ஆனால் வெட்கத்தோடு முதல்முறை வாய் திறந்தவருக்கு அந்தப் புத்திமதி தீர்ப்பாகவே காதில் விழும். அடுத்த கிழமை அவர் வரமாட்டார். அக்கறையைக் கூட்டம் முடிந்த பிறகு, "கதைக்கலாமோ?" என்று கேட்டுவிட்டுக் காட்டலாம்.

மற்ற விதி, விவரணை இல்லை. தளங்கள், செயலிகள், விடுதிகள், தெருக்களின் பெயர் சொல்லக்கூடாது, செயலை விவரிக்கக்கூடாது. "என் உள்வட்டத்தைத் தாண்டினேன், இரண்டு மணித்தியாலம் போனது, பிறகு மனைவியிடம் பொய் சொன்னேன்" என்பது முழுப் பகிர்வு. ஒருவருக்கு நினைவாக இருப்பது பக்கத்து ஆளுக்கு வழிகாட்டியாகிவிடும் என்பதே காரணம். எல்லை தாண்டினால் கூட்டம் நடத்துபவர் கையை உயர்த்தினால் போதும். விளக்கம் சொல்லத் தேவையில்லை, பகிர்பவர் பொதுச் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். சமிக்ஞை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தால் யாரும் அவமானப்படுவதில்லை.

எங்கள் ஊருக்கென்றே ஒரு விதி சேர்க்க வேண்டும். ஊர், படித்த பள்ளிக்கூடம், தொழில் ஆகிய மூன்றில் இரண்டு தெரிந்தால் இங்கே ஆளைப் பிடித்துவிடலாம். "நீங்கள் எவடம்?" என்ற சாதாரணக் கேள்வி கூட்டத்தில் கேட்கக்கூடாத கேள்வி. மூன்றில் ஒன்றை மட்டும், அதுவும் தேவையானால் மட்டும் சொல்வது என்று வைத்துக்கொள்ளலாம்.

சொந்தக்காரர் எதிர்ப்பட்டால்? மாமனும் மருமகனும் ஒரே அறைக்குள் வந்து நிற்பது இந்தக் குடாநாட்டில் நடக்கக்கூடிய விடயம். புதியவர் வருமுன் குழுவில் ஒருவர் தொலைபேசியில் கதைத்து, "தெரிந்த ஒருவர் இருந்தால் என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டு வைக்க வேண்டும். ஆனால் அந்தத் தெரிந்தவர் குழுவில் இருக்கிறாரா இல்லையா என்பதை ஒருபோதும் சொல்லக்கூடாது. கண்டுவிட்டால் இருவருக்கும் காரணம் சொல்லாமல் எழுந்து போகும் உரிமை உண்டு. மனைவிமார், பெற்றோர் இந்தக் கூட்டத்துக்கு வர முடியாது. குடும்பத்தினருக்கு எஸ்-அனான், கோசா என்று தனி அமைப்புகள் உண்டு.

விளிக்கும் முறையும் சிறிய விடயமல்ல. வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் நா எழாது. "அண்ணை", "அக்கா" இருக்கட்டும். "சேர்", "ஐயா" வந்தால் கவனம். ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவரிடம் படித்தவரும் ஒரே குழுவில் இருந்தால், ஆசிரியர் சொன்னதே குழுவின் முடிவாகிவிடும். தலைவர்கள் நம்பிக்கைக்குரிய பணியாளர்கள், அவர்கள் ஆள்வதில்லை என்பது 2ஆவது மரபு. கோயில் பரிபாலன சபையிலும் சனசமூக நிலையத்திலும் தலைவர் பதவிக்குப் பழகிய எங்களுக்கு இது புதிது. பொறுப்புகளை 6 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றுவதே மருந்து.

பழைய உறுப்பினர் ஒருவர் புதியவரிடம் காதலோ உடலுறவோ நாடி நெருங்குவதை இந்தக் குழுக்களில் "13ஆவது படி" என்பார்கள். இதை இரகசியமாக மூடக்கூடாது. ஸ்பொன்சர் ஈர்ப்புக்கு இடமில்லாத ஆளாக இருக்க வேண்டும். புகார் வந்தால் இருவர் சேர்ந்து அவரோடு கதைத்து, அவரைப் பொறுப்பில் இருந்து இறக்கி, திரும்பவும் நடந்தால் அந்தக் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லலாம். விடும் விருப்பம் மட்டுமே உறுப்பினராகும் தகுதி என்கிறது 3ஆவது மரபு. அது அமைப்பில் இருக்கும் உரிமை. ஒரு அறையை மற்றவருக்கு ஆபத்தாக்கும் உரிமை அதற்குள் அடங்காது.

பிரார்த்தனை பற்றி விரைவாக: "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்பது 3ஆவது படியின் சொல். சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் இருக்கும் அறையில் தேவாரமா, கர்த்தர் கற்பித்த செபமா என்று வாதம் வந்தால், ஒரு நிமிட மௌனம் போதும்.

6. வெளி வேலி: கைபேசி, சட்டம், மருந்து

இணையவழிக் கூட்டத்தில் எல்லை உடைவது பெரும்பாலும் தொழில்நுட்பத்தால்தான்.

(1) சூமில் கைபேசியின் இயல்புப் பெயராகச் சொந்தப் பெயர் தெரியும். காத்திருப்பு அறையிலேயே பெயரை மாற்றச் செய்ய வேண்டும். பதிவு செய்வதையும் தனிப்பட்ட அரட்டையையும் நடத்துபவர் மூடிவைக்க வேண்டும். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். அழுதுகொண்டிருப்பவரின் நடுப்பேச்சில் அது நடப்பது கொடுமை. ஒன்றில் கட்டணக் கணக்கு, இல்லையேல் 35 நிமிடக் கூட்டம்.
(2) வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். அறிவித்தலுக்கு ஒளிபரப்புப் பட்டியல் நல்லது. பெறுபவர்கள் ஒருவரை ஒருவர் காணமாட்டார்கள்.
(3) புலம்பெயர்ந்தவர்களோடு சேர்ந்து நடத்தினால் நேரம் எந்த நாட்டுக் கடிகாரப்படி என்று எழுதிவைக்க வேண்டும். இங்கே இரவு 7.30 என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் காலை 9. கனடாவும் பிரித்தானியாவும் கடிகாரத்தை மாற்றும் நாட்கள் வேறு என்பதால் மார்ச்சிலும் இலையுதிர் காலத்திலும் சில நாட்கள் குழப்பம் நிச்சயம்.

சட்டம் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு குழுவில் சொல்வதற்கு இல்லை. அநாமதேயம் ஒரு மரபு. அது குற்றத்துக்குப் போர்வை ஆகாது. ஒரு பிள்ளை இப்போது ஆபத்தில் இருப்பதாகப் பகிர்வில் வெளிப்பட்டால், அதைக் குழு வாக்கெடுத்து மூடிவைக்க முடியாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் அதற்காகவே உள்ளது. இதைக் கூட்டத்தின் தொடக்க வாசிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: "இங்கே சொல்வது இங்கேயே இருக்கும்; பிள்ளைக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் அப்படி இருக்காது." முன்பே தெரிந்து பேசுபவர் ஏமாற்றப்பட்டவர் ஆகமாட்டார்.

மருந்து எடுப்பவர் மீண்டவரா என்ற வாதமும் வரும். மருந்தைப் பற்றிச் சொல்ல மருத்துவருக்கு மட்டுமே உரிமை. "மாத்திரையை நிப்பாட்டு, படி போதும்" என்று ஸ்பொன்சர் சொன்னால் அது உயிரோடு விளையாட்டு. தற்கொலை எண்ணம் இருப்பவரைக் குழு மட்டும் வைத்துப் பார்க்கக்கூடாது. யாராவது ஒருவர் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்க வேண்டும், அல்லது அவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும்.

7. வாதத்தை எப்படி முடிப்பது

கூட்ட வேலி பற்றிய விவாதத்துக்கு அலுவல் கூட்டம் வேண்டும். பகிர்வு நேரத்தில் ஒருபோதும் நடத்தக்கூடாது. முதல்நாள் வந்த புதியவர் வாக்குவாதத்தைக் கண்டால் படலையைத் தாண்டியதும் திரும்பமாட்டார்.

(1) விடயத்தை ஒரு வாக்கியத்தில் எழுதி ஒரு கிழமை முன்னே அறிவிக்க வேண்டும். ஆளின் பெயர் வரக்கூடாது. "இன்னார் அதிகம் கதைக்கிறார்" என்பது விடயமல்ல; "பகிர்வு நேரம் 4 நிமிடம் ஆக்குவோமா" என்பது விடயம்.
(2) அது எந்த வேலி என்று முதலில் கேட்க வேண்டும். தனி வேலி என்றால் விவாதம் அங்கேயே முடியும்.
(3) ஒவ்வொருவருக்கும் 2 நிமிடம். எல்லோரும் ஒருமுறை பேசும் வரை யாரும் இரண்டாம் முறை பேசக்கூடாது.
(4) மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்ற விதியைத் தோற்ற பாதி மதிக்காது.
(5) வாக்கெடுப்பு முடிந்ததும் தோற்ற பக்கத்தைத் திரும்பவும் பேசவிட வேண்டும். சிறுபான்மைக் குரலைக் கேட்பது அல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பணிக் கோட்பாடுகளில் 5ஆவது. வென்ற பக்கத்தில் ஒருவராவது மனம் மாறினால் மறுவாக்கு.
(6) முடிவைத் திகதியுடன் கொப்பியில் எழுதி, 3 மாதத்தில் மீளப் பார்க்க வேண்டும். யார் எப்படி வாக்களித்தார் என்று எழுதக்கூடாது.

சிலவேளை இத்தனைக்குப் பிறகும் குழு இரண்டாகும். 4ஆவது மரபு ஒவ்வொரு குழுவையும் தன்னாட்சியாக விடுகிறது. வேறு குழுக்களையோ முழு அமைப்பையோ பாதிக்கும் விடயங்கள் மட்டுமே விலக்கு. ஆகவே பிரிவது குற்றமல்ல. பிரியும்போது மூன்று பொருள் பற்றித் தெளிவு வேண்டும். உண்டியல் பணத்தில் மண்டப வாடகை பாக்கியைக் கட்டிவிட்டு மிச்சத்தைப் பங்கிடலாம். இலக்கங்கள் எழுதிய கொப்பியைப் பிரதி எடுக்கக்கூடாது. ஒவ்வொருவரிடமும் எந்தக் கூட்டம் என்று கேட்டு அதன்படி மட்டுமே புதிதாக எழுத வேண்டும். மூன்றாவது, விசாரிக்கும் தொலைபேசி: அதை யார் எடுத்தாலும், அழைக்கும் புதியவருக்கு இரண்டு கூட்டத்தின் நாளும் நேரமும் வரையறையும் சொல்லப்பட வேண்டும்.